ரிமோட்டுக்கு நெற்றி எங்கே?

கொசு பேட்டால் அரக்கனைக் கொல்ல முடியாது. இந்த உண்மையை ஐம்பது வயது தாண்டிய பிறகுதான் நான் கண்டுபிடித்தேன், அதுவும் செயல்முறையாக. டிவிக்குள் ஒரு கல் காவலன் என்னை நோக்கி வருகிறான். நான் சோபாவின் மேல் ஏறி நின்றுகொண்டு, கையில் இருப்பதை வீசு வீசென்று வீசுகிறேன். அவன் அசரவே இல்லை. அடி மேல் அடி விழுந்து என் ஆள் மண்ணில் சரிந்தாகிவிட்டது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"ஏங்க, ரிமோட் டீப்பாய் மேல இருக்கு. உங்க கையில இருக்கறது கொசு பேட்."

பார்த்தேன். கொசு பேட்தான். பட்டனை வேறு அழுத்திப் பிடித்திருக்கிறேன், சிவப்பு விளக்கு எரிகிறது. வேர்வையைத் துடைக்க ரிமோட்டைக் கீழே வைத்திருக்கிறேன். காவலன் திடீரென்று திரும்பியதும் கைக்கு அகப்பட்டதை எடுத்துவிட்டேன். பேட் என்பதால் பரவாயில்லை. பக்கத்தில்தான் கத்திரிக்கோலும் இருந்தது.

அந்த வீடியோ கேம் எங்கள் மகளுடையது. புனேவில் வேலை கிடைத்துப் போகும்போது துணிமணி, புத்தகம், தலையணை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனவள், இதை மட்டும் டிவிக்கு அடியில் விட்டுவிட்டுப் போனாள். "அப்பா, சும்மா இருக்கறப்ப ஆடு. டென்ஷன் குறையும்" என்றாள். டென்ஷன் குறைவது இருக்கட்டும், ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. போனில் அழுதேன். "ரிமோட்ல ஒரு கயிறு தொங்குதில்ல, அதை மணிக்கட்டுல மாட்டிக்கோப்பா. இல்லேன்னா பயத்துல வீசி டிவியை உடைச்சிடுவ" என்று அறிவுரை சொன்னாள். பெற்றவனை எவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள்!

ஆட்டம் இதுதான். வானத்தில் மிதக்கும் தீவுகள். அவற்றில் அணைந்துபோன விளக்குகள். தலையில் துண்டு கட்டிய ஒரு விளக்குக்காரி தீவு தீவாகப் போய் அவற்றை ஏற்ற வேண்டும். அவள் கையில் ஒரு வாள். நாம் ரிமோட்டை எப்படி வீசுகிறோமோ அப்படியே அவள் வாள் வீசுவாள். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கல் காவலன் உண்டு. நம் கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கேடயத்தைக் கொண்டுவருவான். வலப்பக்கம் ஓங்குவதுபோல் காட்டி, அவன் கேடயம் அங்கே போனதும் இடப்பக்கம் வெட்ட வேண்டும். அதாவது நிதானமாக ஒரு சின்னப் பொய் சொல்ல வேண்டும்.

நிதானமா, நானா? லிஃப்டில் கதவு மூட இரண்டு நொடி தாமதமானால் எமர்ஜென்சி பட்டனைத் தேடுகிற ஆள் நான். காவலனைக் கண்டதும் வலப்பக்கம் வெட்டப்போகிறேன் என்று என் கை, கண், புருவம், வேட்டி எல்லாம் சேர்ந்து அறிவித்துவிடும். அவனும் சாவகாசமாக வந்து தடுப்பான்.

"உங்க கைக்குப் பொய்யே வரலைங்க" என்றாள் மனைவி.

பாராட்டா திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை.

நாங்கள் குடியிருப்பது பெங்களூர் விவேக் நகரில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. கணவர் போன பிறகு தனியாக இருப்பவர். வியாழக்கிழமை பக்கத்துச் சர்ச்சுக்கு வருகிற கூட்டத்தைக் கேட்டருகே நாற்காலி போட்டுப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. நான் காவலனோடு மல்லுக்கட்டத் தொடங்கியபின் அவருக்கு மேல்நோக்கிப் பார்க்கும் வேலையும் வந்து சேர்ந்தது. ஒருநாள் படியேறி வந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னா சார், மேல மாவு இடிக்கிறீங்களா? என் டீயில சுண்ணாம்பு வுழுது."

"ஆன்ட்டி, ராட்சசன்."

"ராட்சசன் எங்க சார் இருக்கான்? நீங்க ஒருத்தர்தானே குதிக்கிறீங்க. காலுக்கு ஸ்வல்ப ரெஸ்ட் குடுங்க."

அன்றிலிருந்து சோபாவில் உட்கார்ந்துதான் சண்டை. உட்கார்ந்தபடியே உயிரை விடுவதிலும் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

இனி மனைவியின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றால், எனக்கு அதுதான் வழக்கம்.

அவளுக்கு ஒக்கலிபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து ஸ்கூட்டரில்தான் போய்வருவாள். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். நான் பின் சீட். வாலிபத்தில் ஒருமுறை நானும் கற்றுக்கொள்ளப் போனேன். பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதிலாக ஆக்சிலேட்டரை முறுக்கி, ஒரு இளநீர்க் கடைக்குள் போய், அங்கேயே ஒரு இளநீர் குடித்துவிட்டு நடந்து திரும்பினேன். அதோடு சரி. காலையில் அவள் என்னை என் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டுப் போவாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டுவாள். வீட்டில் அவள் பாடுவதில்லை. அந்தப் பாட்டைக் கேட்கவென்றே நான் வாயை மூடிக்கொண்டு போன பயணங்கள் உண்டு. நம்பமாட்டீர்கள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் மாலை, தண்ணீர் தேங்கி நின்றதால் பள்ளம் தெரியாமல் வண்டியோடு சாய்ந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு உடைந்தது. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு, "கரண்டியைப் பிடிச்சு உள்ளங்கையை மேல, கீழ, மேல, கீழ திருப்பணும். திருப்பத் திருப்பத்தான் வரும்" என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தந்த அம்மா. இவள் கரண்டியை எடுப்பாள், இரண்டு தரம் திருப்புவாள், "உலை கொதிக்குது" என்று எழுந்துவிடுவாள். அடுப்பே பற்றவைத்திருக்காது. வலித்தது என்று சொல்லமாட்டாள். வலி மட்டும் இல்லை, அந்தக் கையின் மேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. தண்ணீர் டம்ளரைக்கூட இடது கையால் எடுத்தாள். ஆபீஸுக்கு பஸ், ஆட்டோ. வண்டி கீழே கவர் போட்டு நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஸ்டாண்டு போட்டு, கிக்கரை மிதித்து, கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டு அணைப்பேன். சக்கரம் உருளாத வரைக்கும் நான் நல்ல டிரைவர்.

விளையாட்டுக்கு அவள் வந்தது தற்செயலாகத்தான். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போக வேண்டுமானால் விளக்குக்காரி ஒரு ராட்சசத் தும்பியின் முதுகில் ஏறிப் பறக்க வேண்டும். ரிமோட்டைப் படுக்கையாகப் பிடித்து மணிக்கட்டை மெல்லத் திருப்பினால் தும்பி திரும்பும். நான் திருப்பினால் தும்பி மலையில் மோதும், மரத்தில் மோதும், ஒன்றும் இல்லாத வெட்டவெளியில்கூட எதிலோ மோதும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் பீன்ஸ் ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இப்படி முறுக்கறீங்க? அந்த ஜீவன் என்ன பாவம் பண்ணிச்சு? வளைவு வர்றதுக்கு முன்னாடியே லேசா சாய்க்கணும்."

"வாய்ல ஓட்டறது சுலபம்" என்று ரிமோட்டை நீட்டினேன்.

இடது கையால் வாங்கினாள். தும்பி எழும்பியது. ஒடுங்கிய ஒரு மலை இடுக்கு வந்தது. வலப்பக்கம் செங்குத்தாகச் சாய வேண்டிய இடம். இடது கை அவ்வளவு வளையவில்லை. அந்த நொடியில், யோசிக்காமல், ரிமோட்டை வலது கைக்கு மாற்றித் திருப்பினாள். தும்பி இடுக்கில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கீழே மேகம், தூரத்தில் தீவு. அவள் உதட்டுக்குள் அந்த முணுமுணுப்பு.

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. வாய் துடித்தது, ஆனாலும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த சாதனைகள் குறைவு. அந்த மௌனத்தை அவற்றில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு வேலை பிரிந்தது. தரையில் சண்டை என்னுடையது, வானம் அவளுடையது. ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும், "சீக்கிரம் செத்து முடிங்க, நான் பறக்கணும்" என்பாள். நானும் கடமை தவறாமல் சாவேன். எப்படியோ உளறிக்கொட்டி ஒரு காவலனை வீழ்த்தியதும் ரிமோட்டை நீட்டுவேன். கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வாள். சரியாக அந்தத் தையல் தழும்பின் மேல் கயிறு படியும். கரண்டிப் பயிற்சியை நாங்கள் இருவருமே மறந்துபோனோம். கை மேலே, கீழே, மேலே, கீழே திரும்பிக்கொண்டிருந்தது.

ஆனால் வண்டி கவருக்குள்ளேயே இருந்தது. நவராத்திரி தொடங்கியபோது ஒருநாள் சொன்னாள்: "வண்டியக் குடுத்துடலாங்க. நின்னுகிட்டே துருப்பிடிக்கறதுக்கு யாராவது ஓட்டட்டும். தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

அவள் தம்பி சந்தாபுராவில் இருக்கிறான். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற பிள்ளை. மறுநாளே போன் செய்தான். "மாமா, எங்க லேஅவுட்லயே ஒருத்தங்க கேக்கறாங்க. விஜயதசமி நல்ல நாளு, காலைல வந்து எடுத்துக்கறோம்ங்கறாங்க."

"என்னையும் சேத்து எடுத்துக்கச் சொல்லு மச்சான். பின் சீட்டோட வந்த பொருள்" என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அந்த முடிவைக் கேட்டதும் எனக்குள் ஒரு பாதி ஆள் நன்றாகக் கால் நீட்டிப் படுத்தான். இனி மழை பெய்தால் ஜன்னலுக்கும் கேட்டுக்கும் நடக்க வேண்டாம். போன் ஒருமுறை எடுக்காவிட்டால் பத்து தரம் அடிக்க வேண்டாம். பஸ்ஸில் வருவாள், பத்திரமாக வருவாள். இன்னொரு பாதி ஆளுக்கு மட்டும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிற அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. வெளியே நான் வழக்கம்போல் ஜோக்கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆயுதபூஜை வந்தது. ஹாலில் மணை போட்டு எல்லாவற்றையும் அடுக்கினோம். அரிவாள்மணை, மிக்ஸி, ஸ்க்ரூடிரைவர், என் லேப்டாப், அவளுடைய ஆபீஸ் கால்குலேட்டர். "இதுவும் ஆயுதந்தானே, நீங்க எவ்வளவு பேரைக் கொன்னிருக்கீங்க" என்று ரிமோட்டையும் கொண்டுவந்து வைத்தாள். நான் கொன்றதைவிட நான் செத்ததுதான் அதிகம் என்பதைச் சபையில் சொல்லவில்லை.

சந்தனம், குங்குமம் வைக்கிற வேலை எனக்கு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எந்தப் பொருளுக்குப் பொட்டு வைத்தாலும் முதலில் அதற்கு நெற்றி எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மிக்ஸிக்கு நெற்றி சுவிட்சுக்கு மேலே. லேப்டாப்புக்கு மூடியின் நடுவில். அரிவாள்மணைக்குப் பலகையில். ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்நுனியில் கறுப்பாக, பளபளவென்று ஒரு சின்னக் கண்ணாடி வட்டம். ஆஹா, பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடம்! தாராளமாகச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது. இதில் அவள் கண்டிப்பு. அதனால்தான் மத்தியானம், சுண்டலும் பாயசமும் முடிந்த மயக்கத்தில் நான் கிடந்தபோது, அவளே மணைக்கு எதிரில் போய் நின்று, "ஒரே ஒரு தடவை பறந்துட்டு வெச்சிடட்டுமா?" என்று கேட்டது என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"சாமி குத்தம் ஆயிடாதா?"

"நாளைக்குக் காலைல அவங்க வந்துடுவாங்க இல்ல. அதுக்குள்ள ஒரு தடவை."

வண்டி வாங்க வருகிறவர்களுக்கும் தும்பிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. புரிந்துவிட்டது. கையை அவள் சோதித்துப் பார்க்கப்போகிறாள். பாஸா ஃபெயிலா என்று தெரிந்தபின் வண்டியைக் கொடுக்கப்போகிறாள்.

மணைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரிமோட்டை எடுத்தாள். கயிற்றை மாட்டினாள். தும்பி எழும்பியது. எழும்பிய வேகத்தில் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. மறுபடி. தும்பி நடுங்கியது, தலைகீழானது, மரத்துக்குள் புகுந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மிக மெதுவாகத் திருப்பினாள். தும்பி தன் இஷ்டத்துக்குச் சுற்றிச் சுற்றி மேகத்துக்குள் விழுந்தது.

ரிமோட்டை மடியில் வைத்தாள். தழும்பை இடது கட்டைவிரலால் தடவினாள்.

"பாத்தீங்களா. கை வந்துட்டுதுன்னு நெனச்சேன். வரல. நல்ல வேளை, தம்பிகிட்ட சொல்லிட்டோம்."

கைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? உள்ளே ஸ்க்ரூ நகர்ந்துவிட்டதா? ஆஸ்பத்திரி இன்று திறந்திருக்குமா? ஒரு மூச்சுக்குள் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, மகளைப் புனேவிலிருந்து வரவழைத்துவிட்டேன். பிறகு, ரிமோட்டில்தான் கோளாறோ என்று தோன்றி, வாங்கி நானே ஓட்டிப்பார்த்தேன். தும்பி மலையில் மோதியது. "மோதுது பார்! எனக்கும் மோதுது!" என்று கத்தினேன்.

"உங்களுக்கு என்னிக்கு மோதல?" என்றாள்.

நியாயந்தான். வீட்டில் ஒரு நல்ல ஆட்டக்காரன் இருந்திருந்தால் சோதனை செல்லுபடியாகும். என் கையால் எதையும் நிரூபிக்க முடியாது.

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் ரிமோட்டை மணையில் திருப்பி வைக்கக் குனிந்தேன். அப்போதுதான் அந்த நெற்றியைப் பார்த்தேன். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம், அடியில் கறுப்புக் கண்ணாடி கொஞ்சமும் தெரியவில்லை. மகள் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது: "டிவிக்கு அடியில வெச்சிருக்கற பட்டையை இந்தக் கண்ணாடி பாத்துக்கிட்டே இருக்கும்பா. அதை வெச்சுத்தான் உன் கை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும்."

நான் பொட்டு வைத்தது நெற்றியில் அல்ல. கண்ணில்.

சிரிப்பு வந்தது. சிரிப்பதற்குள், கால் நீட்டிப் படுத்திருந்த அந்தப் பாதி ஆள் எழுந்து உட்கார்ந்தான். "சொல்லாதே" என்றான். "ரிமோட்டை மணையில் வை. நாளைக்குக் காலையில் வண்டி போய்விடும். மழையில் நீ ஜன்னலருகே நிற்க வேண்டாம். யாருக்கும் தெரியப்போவதில்லை." ரொம்ப நியாயமாகப் பேசினான். நான் கூடத் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் கைக்குத்தான் பொய் வராதே. காவலனுக்கு முன்னால் எப்படிக் காட்டிக்கொடுக்குமோ அப்படியே, வேட்டி நுனியை எடுத்து அந்தக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தது.

"ஏம்மா! இங்க வா! உன் கை நல்லாத்தான் இருக்கு. நான்தான் இதோட கண்ணை அவிச்சிட்டேன்!"

வந்து பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம், அதுவும் வேறு காரணத்துக்காக. "ஐயோ, சாமிக்கு வெச்ச பொட்டை அழிக்கறீங்களே!"

"அழிக்கலம்மா, வீடு மாத்தறேன்" என்று சந்தனத்தைச் சுரண்டி எடுத்து ரிமோட்டின் முதுகில் அப்பினேன். குங்குமத்தையும் குடியேற்றினேன். "இனிமே இதுக்கு நெத்தி பின்னாடி."

தும்பி எழும்பியது. இடுக்கு வந்தது. வலது, இடது, மறுபடி வலது, செங்குத்தாக ஒரு சாய்வு. வெளியே வந்து மேகத்துக்கு மேல் மிதந்தது. தீவில் இறக்கினாள். ரிமோட்டை மணையில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வண்டிக்குப் பூஜை. நான் கவரை எடுத்துத் துடைத்து, மாலை போட்டு, பொட்டு வைத்தேன். கண்ணாடியிலோ விளக்கிலோ படாமல், நெற்றியை நாலு தரம் விசாரித்துவிட்டு வைத்தேன். வீட்டுக்கார ஆன்ட்டி நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"சார், அப்படியே நம்ம தண்ணி மோட்டாருக்கும் ஒண்ணு வெச்சிடுங்க. எங்க சாமி ஒண்ணும் சொல்லாது."

மோட்டாருக்கும் வைத்தேன். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். வண்டி அதை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அவள்தான் ஓட்டுவாள். இந்த வருஷம் நான் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினேன். பழம் உருண்டு போய்விட்டது. எடுத்து வைத்துத் தள்ளினேன். மறுபடி உருண்டது.

"வண்டி பழத்தப் பாத்து பயப்படுதா, பழம் உங்களப் பாத்து பயப்படுதா?" என்றார் ஆன்ட்டி.

"நகருங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். மனைவி கையில் ஹெல்மெட்டோடு இறங்கி வந்திருந்தாள். வண்டியில் உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்தாள். வலது கை ஆக்சிலேட்டரில் நின்றது, ஒரு மூச்சு நேரம். பிறகு மெல்லத் திருப்பினாள். பழம் சட்டென்று நசுங்கியது. வண்டி கேட்டைத் தாண்டியது. அங்கே நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. தெருவில் இறங்கி, இடப்பக்கம் திரும்பி, மறைந்தது.

நான் குங்குமத் தட்டோடு நின்றேன். ஆன்ட்டி என்னைப் பார்த்தார், நான் ஆன்ட்டியைப் பார்த்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஆயுதபூஜை சாயங்காலம்! பெங்களூரில் ஒவ்வொரு கடை வாசலிலும், ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் பூசணிக்காய் உடைத்துப்போட்டிருக்கும் நேரம். தார் ரோடு முழுக்கச் சதையும் விதையுமாக வழவழவென்று கிடக்கும். வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்களே சறுக்குகிற ஒரு நாளைப் பொறுக்கி எடுத்து இவள் கிளம்பியிருக்கிறாள்.

ஓடினேன். கையில் தட்டோடு, வேட்டியில் ஓடுவது எப்படி என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதிரில், நான் பயந்தபடியே, ஒரு முழுப் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது. நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. காலால் ஒவ்வொரு துண்டாக ஓரத்துக்குத் தள்ளத் தொடங்கினேன்.

"இன்னா சார், கார்ப்பரேஷனா?" என்றார் ஒரு ஆட்டோக்காரர். அவர்தான் உடைத்தவராக இருக்க வேண்டும்.

"என் சம்சாரம் வண்டியில வர்றா."

"ஓ, புச்சா கத்துக்கறாங்களா?"

"இல்லப்பா. என்னைவிட, உன்னைவிட நல்லா ஓட்டுவா."

"அப்ப நீங்க ஏன் சார் நடுங்கறீங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, செருப்புக் காலால் இரண்டு பெரிய துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டார். "போதுமா சார்? ராஜபாட்டை மாதிரி இருக்கு." நான் குனிந்து விதைகளையும் அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் போன திசையையே பார்த்தபடி அள்ளினேன். ஒவ்வொரு ஸ்கூட்டர் விளக்குக்கும் நிமிர்ந்தேன். அவள் இல்லை. அவள் இல்லை. ஸ்ட்ரெச்சர் மறுபடி வந்து நின்றது.

"என்னங்க பண்றீங்க நடுரோட்டுல?"

குரல் பின்னாலிருந்து வந்தது. அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் துடைத்து வைத்த ராஜபாட்டையில் அவள் வரவே இல்லை. சக்கரத்தில் ஒரு பூசணி விதை ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கோ உடைத்த இன்னொரு பூசணியைத் தாண்டித்தான் வந்திருக்கிறாள். மாலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்திருந்தது.

"எங்க போன?" குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"பங்க்குக்கு. ஒரே கூட்டம்."

எட்டிப் பார்த்தேன். பெட்ரோல் முள், நான் ஞாயிறுதோறும் ஓடவிட்டு ஓடவிட்டுக் கீழே இறக்கி வைத்திருந்த முள், மேலே முட்டிக்கொண்டு நின்றது. காலையில் கைமாறப்போகிற வண்டிக்கு யாராவது டேங்க் நிறைய பெட்ரோல் போடுவார்களா? என் மனைவி ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள், நிச்சயமாகப் போடமாட்டாள்.

"ஏறுங்க. பொரி வாங்கணும்" என்றாள்.

தட்டை ஆட்டோக்காரரிடம் கொடுத்து, வீட்டுக்கார ஆன்ட்டியிடம் சேர்க்கச் சொன்னேன். கை நிறைய பூசணி விதையோடு பின் சீட்டில் ஏறினேன். வண்டி நகர்ந்தது. கடைகளில் வாழைக்கன்று, சீரியல் பல்பு, தெரு முழுக்க ஊதுபத்தி வாசனை.

"லெஃப்ட்ல பூசணி."

"தெரியுது."

"நேரா ஒரு பூசணி."

"வாயை மூடுங்க. நான் ஓட்டறேன்."

மூடினேன். போன் அடித்தது. மச்சான்.

"மாமா, நாளைக்கு அவங்கள எத்தன மணிக்கு வரச் சொல்லட்டும்?"

என் வயிற்றுக்குள் இருந்த அந்தப் பாதி ஆள் கடைசியாக ஒருமுறை வாயைத் திறக்கப் பார்த்தான். அவன் பேசுவதற்குள், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அந்த முணுமுணுப்பு கேட்க ஆரம்பித்தது.

"மாமா? கேக்குதா? வண்டி..."

"வண்டி ஓடிக்கிட்டிருக்கு மச்சான்" என்றேன். "அவங்ககிட்ட வேற பாத்துக்கச் சொல்லிடு. வெச்சிடறேன், பாட்டு கேக்கணும்."